எலுமிச்சை மஞ்சள்

பகலெல்லாம் பிறர் சிறுநீரின் நிறம் பார்க்கிறேன்.
சாயங்காலம் பஸ்ஸிறங்கி
ஓட்டுப்பட்டறைப் படி நூற்றிப் பதினாறும் ஏறி வந்து
ஒரு மீனுடையதைப் பார்க்கிறேன்.

ஐந்து மில்லி தண்ணீர். எட்டுச் சொட்டு. மறு பாட்டிலிலிருந்து இன்னொரு எட்டு.
ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும்,
அதற்குள் அரிசி களைந்துவிடலாம்.
எலுமிச்சை மஞ்சளென்றால் அமோனியா இல்லை.
துளி பச்சை திரும்பினாலும்
அன்றைக்கு அரிசி அப்படியே ஊறிக்கிடக்கும்.

பெனடிக்ட் சார் மகனிடம் போனபோது
இரண்டு மாதம் என்றார்.
இது மூன்றாவது மழைக்காலம்.
வாடகை வேண்டாம், தண்ணீரை மட்டும் மாற்று என்றார்.
கொளத்தூர் சந்தையிலிருந்து கறுப்புப் பையில் வந்த திருக்கை
அப்போது உள்ளங்கை அகலம்.
இப்போது முறம்.

முதுகில் கண், வயிற்றில் வாய்.
தான் தின்பதைத் தான் பார்த்ததே இல்லை.
ஹீட்டர் சுடுவதும் அதற்குத் தெரியாது,
குளிருக்கு மேலேயே படுத்துக்கொள்ளும்.
பிளாஸ்டிக் கூண்டு ஒன்று கட்டிவிட்டேன்.
கண்ணாடியில் ஒட்டி ஏறும்போது மட்டும்
அடிப்பக்கம் தெரியும், சிரிப்பு மாதிரி ஒன்று.
வார்டில் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன்.

லேபில் கிருமியைக் கொல்லச் சம்பளம்.
இங்கே ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் கிருமிக்கு
நான்தான் காவல்.
குழாய்த் தண்ணீர் பட்டால் செத்துப்போகுமென்று
மீனின் அழுக்குத் தண்ணீரிலேயே அலசுகிறேன்.
மேடத்திடம் இதைச் சொன்னதில்லை.

மலைத் தண்ணீர் ரொம்ப மெது.
பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நுரை லேசில் போகாது,
புளிப்பேறினால் தாங்கிப்பிடிக்க அதனிடம் ஒன்றும் கிடையாது.
மேட்டுப்பாளையம் கோழித்தீவனக் கடையில்
கிளிஞ்சல் நொறுக்கு வாங்கி
பழைய காலுறையில் முடிந்து ஃபில்டருக்குள் போட்டிருக்கிறேன்.
எங்கோ ஓர் ஆற்றின் மீன்
ஆறாயிரம் அடி உயரத்தில்
கடல் ஓட்டின் தயவில்.

குழாய் வருவது பன்னிரண்டு நாளுக்கொரு தரம்.
பக்கத்து வீட்டு மைமூன் கேட்டுவிட்டாள்:
"நாங்க குடத்துக்கு அடிச்சுக்கிறோம், நீ தினமும் கொட்டுறே."
சொல்ல ஒன்றுமில்லை. ஹோஸை அவள் பக்கம் நீட்டினேன்.
அவளுடைய மேரக்காய்க் கொடி இப்போது என் தகரத்தின் மேலும் காய்க்கிறது.
பேச்சு பாதிதான் திரும்பியிருக்கிறது.

ஐப்பசியில் பர்லியார் பக்கம் மண் சரிந்தது.
கலங்கிய தண்ணீருக்கு நகராட்சி
ப்ளீச்சிங் பவுடரை வாரிக் கொட்டியிருந்தது போல,
குழாயைத் திறந்தால் ஆஸ்பத்திரித் தரை வாசனை.
குளோரின் முறிக்கும் மருந்து என்னிடம் தீர்ந்திருந்தது,
பார்சல் சரிவுக்குக் கீழே எங்கேயோ.
சோதனைக்குழாய் பச்சை.
மாற்றினால் செவுள் எரியும்.
மாற்றாவிட்டால் அது கழித்ததே அதைத் தின்னும்.
விளிம்பு லேசாக மேலே சுருளத் தொடங்கியிருந்தது,
சூட்டில் அப்பளம்போல.

ராத்திரி ஒன்பதுக்கு லேபைத் திறந்தேன்.
வாட்ச்மேன் போஜன் டார்ச் பிடித்தார், எதற்கென்று கேட்கவில்லை.
குடிநீர் சாம்பிள் பாட்டில்களுக்காக வைத்திருக்கும்
தயோசல்பேட், ஒரு ஸ்பூன்.
ரிஜிஸ்டரில் எழுதினேன்:
தண்ணீர்ப் பரிசோதனைக்காக.
நேரம், கையெழுத்து.
பொய் ஒன்றும் இல்லை.

பாதித் தண்ணீரை மாற்றி முடிக்கையில் கரன்ட் போனது.
என் கம்பளியைத் தொட்டிக்குச் சுற்றிவிட்டு
பேட்டரி பம்ப்பின் முனகலில் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று மணிக்கு மறுபடி ஐந்து மில்லி, எட்டு, எட்டு.
டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான்.
என் கைகூட.

ஜன்னலோரம் குழாயை ஏந்திக்கொண்டு
மேகம் விலகக் காத்திருந்தேன்.
மணலுக்கடியில் இரண்டு கண்.
திறந்தனவா, மூடினவா.

வெளுக்கும் முன்பே கதவு தட்டினாள் மைமூன்,
கையில் வாளி:
"மீன் தண்ணி இருக்கா?"