நாற்காலிக் கணக்கு

ஐயோவாவில் மே மாதப் புல் இன்னும் ஈரம்.
நூற்று எண்பத்தாறு நாற்காலி விரிக்கச் சொன்னார்கள், பட்டமளிப்புக்கு.
நான்கு வருடம் முன்பு, வரவேற்பன்று,
இதே புல்லில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
மீதி எங்கே என்று மார்லிஸ் கேட்பதில்லை.
கட்டண ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள்.

கையேட்டின் அட்டையில் எங்கள் பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம்.
அதில் நான் இல்லை.
உயிரியல், மூன்றாம் ஆண்டு, பாதியில் விட்டேன்.
கடன் என்னை விடவில்லை:
மாதம் இருநூற்று எண்பத்தேழு டாலர்,
இவர்களே தரும் கூலியிலிருந்து.

ஆனாலும் ஒரு பிப்ரவரியில்
தவளையின் இதயம் கிண்ணத்தில் தனியே துடித்தது
பதினோரு நிமிடம்.
மணி அடித்தும் ஹாவ்லிக் எங்களை அனுப்பவில்லை.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

மேடையில் தலைவரின் நாற்காலி ஆடுகிறது.
கையேட்டின் அட்டையை எட்டாக மடித்து முட்டுக்கொடுத்தேன்.
மழை வரும்வரை தாங்கும்.