ரயில்வேயில் கார்டு

சுகிர்தாவுக்கு வேலை கிடைத்த அன்று
சிமெட்ரி ரோடு முழுக்க அவள் அம்மா சொன்னது:
'எம் பொண்ணு ரயில்வேல கார்டு.'
கடைசிப் பெட்டியில் நின்று
பச்சைக் கொடி ஆட்டப் போகிறாள் என்று
தெரு நம்பியது.
மீன் அரிந்த கையோடு வந்து
நெற்றியில் சிலுவை போட்டாள் எதிர்வீட்டு டெல்பின்.
நானும் திருத்தவில்லை.

நான் மேசைக்காரன்.
கோட்டுக்கு வெளியே ஒரு மடக்கு மேசை,
இரண்டு நிறப் பேனா,
ஸ்கோர் தாள் பறக்காமல் இருக்க ஒரு கருங்கல் ஜல்லி.
போட்ட புள்ளிக்கு ஒரு கோடு,
செய்த ஃபவுலுக்கு ஒரு நிமிட எண்.
கொடுத்த பந்துக்கு
அந்தத் தாளில் கட்டமே கிடையாது.
பதினான்கு வருடம்
அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தடி இரண்டரை அங்குலம்.
தண்டையார்பேட்டை சிமென்ட் தரையில்
ஹார்பர் லாரிகள் சிந்திய கரித்தூள்;
பந்து குதித்த இடமெல்லாம் வட்டம் வட்டமாய்த் தெரியும்.
ஆட்டம் முடிந்து கை கழுவினால்
குழாயடி கறுத்துவிடும்.
'ஏய் குள்ளி, பால் குடுறீ' என்று
நெட்டைகள் கத்துவார்கள்.
இவள் இடப்பக்கம் பார்ப்பாள்,
பந்து வலப்பக்கம் போயிருக்கும்.
நடுவரே ஒருமுறை
கழுத்தைத் திருப்பித் தேடினார்.

பிறகு ஒரு லீக் வந்தது.
தொழில்முறை என்றார்கள். ஏலம் போட்டார்கள்.
புனேவில் நாற்பது நாள்,
இரண்டு பேருக்கு ஒரு ஏசி அறை,
சட்டை முதுகில் ஓர் எழுத்துக் குறைவாக அவள் பெயர்.
மூன்று தவணைச் சம்பளம்.
முதல் தவணைக்குப் பணம் வந்தது.
இரண்டாவதுக்குச் செக் வந்தது, பணம் வரவில்லை.
மூன்றாவதுக்கு லீக்கே வரவில்லை.
வந்ததில் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கினாள்.
லாரித் தண்ணீர் பிடிக்கும் தெருவில்
இன்றும் அதன் தலையில்தான் அரிசி மூட்டை.

முழங்கால் போன சத்தம்
மேசை வரை கேட்டது,
ஈர வடம் அறுந்தாற்போல.
தாளில் அதற்கும் இடமில்லை.
பெரம்பூர் ஆஸ்பத்திரியில் இரண்டு திருகு, ஒன்பது மாதம்.
திரும்பி வந்தவள் எல்லாவற்றுக்கும்
அரை அடி தாமதம்.
பந்து முன்னால் போகட்டும்,
மெதுவாக வருகிறேன் என்பதுபோல் ஆடினாள்.
எனக்கென்னவோ
அந்த நான்கு வருடம்தான் பிடித்தது.
சொன்னால் சிரிப்பார்கள்.

கடைசி ஆட்டம் ஐசிஎஃப் மைதானத்தில்.
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.
நான்கு வினாடி.
பந்து அவள் கையில், முன்னால் யாருமில்லை,
ரிங் வரை வெறும் தரை.
'போடுடீ!' என்றது கேலரி.
'போடுடீ!' என்றது, வெட்கம் விட்டுச் சொல்கிறேன்,
நடுநிலை மேசையில் இருந்த என் வாயும்.
அவள் யாருமே நிற்காத ஒரு மூலைக்குக் கொடுத்தாள்.
ஜெனிலா அங்கே வந்து சேர்ந்தாள்,
சொல்லிவைத்ததுபோல, தனியாக.
போட்டாள். விளிம்பில் இரண்டு சுற்று சுற்றி
வெளியே விழுந்தது.

தவறிய வீச்சுக்கும் கட்டம் கிடையாது.
எனவே அந்த நான்கு வினாடி
நடக்கவே இல்லை.
நான் கையெழுத்துப் போட்டேன், நடுவர் போட்டார்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
அப்புறம் அழித்துவிட்டேன்.
விதி விதிதான்.
ஜெனிலா தரையில் உட்கார்ந்து அழுதாள்.
இவள் பக்கத்தில் போய்
அவள் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது முழுநேரமும் கொருக்குப்பேட்டை கவுண்டர்.
'எந்த வண்டிக்கும்மா கார்டு?' என்று
டெல்பின் இன்னும் கேட்கிறாள்.
'கும்மிடிப்பூண்டி லோக்கல்' என்கிறாளாம்.

போன வாரம் வரிசையில் நின்றேன்.
'எண்ணூர் ஒண்ணு.'
என்னைப் பார்க்கவில்லை.
எனக்குப் பின்னால், பையில் சில்லறை தேடும்
பூக்காரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கை நீட்டலாம் என்று குனிந்தேன்.
விரலிடுக்கில் ஏற்கெனவே டிக்கெட்,
மீதி ஐந்து ரூபாய்.