செவுள்

மூன்று மைக்ரான்.
கத்தி ஒருமுறை இறங்கி ஏறினால்
ரிப்பனாய் வரும் மெழுகு.
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு,
சுருக்கம் நீங்கியதும்
கண்ணாடியில் ஏந்துவாள் நிலோபர்.
எட்டரைக்கெல்லாம் என் மேஜைக்கு வந்துவிடும்
பதினோரு பேரின் மூத்திரப்பை.

இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1147. 1152.
ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ப் பார்த்தபோது
ஒரே அச்சில் வார்த்தவை.
ஒரே தரம். ஒரே ஆழம்.
தசைக்குள் ஒரே மாதிரி விரல் நுழைத்திருந்தன.
நான் படித்த காலத்தில்
இத்தோடு முடிந்திருக்கும்:
கையெழுத்து, முத்திரை, தயிர்சாதம்.

இப்போது சாயம் கேட்கிறார்கள்.
காட்டா-மூன்று போட்டதும்
1147இன் உட்கருக்கள்
பீடிக்கறை நிறத்தில் விழித்துக்கொண்டன.
1152 அசையவில்லை.
அதற்குக் கெரட்டின் ஐந்து-ஆறு.
ஓரமெங்கும் பழுப்பு வேலி.

ஒன்று,
உள்ளறையைப் பார்த்து நின்ற நாளை
இன்னும் மறக்காத செல்.
மற்றது
அடித்தளத்துப் பேச்சையே
முரட்டுக் குரலில் பேசிக்கொண்டிருப்பது.
லூமினல், பேசல் என்று எழுதினேன்.
எழுதிய பிறகும்
இரண்டும் மூத்திரப்பைதான்,
இரண்டுக்கும் சிவப்பாய்ப் போனதுதான்.

வியாழக்கிழமை, மழைக்கு நடுவே
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் 1147.
தேசப்பன். காசிமேடு. மீன் ஏலம் கூறுபவர்.
பெருங்குடியில் ஜீன் பார்க்கிறார்களாம்;
மெழுகுக் கட்டியைக் கையோடு வாங்கிப் போக வேண்டும்.
கொடுத்தேன்.
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இத்தினூண்டா?
இத்துக்கா அம்மாம் ரத்தம்?"

நான் வகையைப் பற்றிச் சொன்னேன்,
முடிந்தவரை தமிழில்.
கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"துண்டு போட்டாச்சுன்னா
எல்லாமே வஞ்சிரம்தாம்மா.
எவன் கண்டுபுடிப்பான்?
முழுசா இருக்கணும்,
செவுளத் தூக்கிப் பாக்கணும்,
அப்பத்தான் ஜாதி தெரியும்."

நாங்களும் அதைத்தான் தூக்கிப் பார்க்கிறோம் என்றேன்,
பெருமையாகவே.
"துண்டுக்கு ஏதும்மா செவுளு?"

பதில் இல்லை என்னிடம்.
அந்த இன்னொரு சொல்லும்
மேஜைமேல் கிடந்தது; நான் எடுக்கவில்லை.
எங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தின் பெயர்
உள்வகை.

ஜிப் கவரில் போட்டு
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில்.
வெயிலில் வைக்காதீங்க, மெழுகு உருகும்.
"ஐஸ்ல வெச்சிக்கறேன். நம்ம கைல ஐஸுக்கா பஞ்சம்?"

1152ஐ வாங்க யாரும் வரவில்லை.
வனமாலா, அறுபத்தொன்று, நங்கநல்லூர்.
போன் எடுக்கும் மருமகன்
ஒவ்வொரு முறையும் "மீட்டிங்" என்கிறான்.
நான்காவது இழுப்பறையில்
வேலியடைத்துக் காத்திருக்கிறாள்,
யாரும் படிக்காத எழுத்துகளோடு.

மூன்று வாரம் கழித்து வந்தது பெருங்குடித் தாள்.
எஃப்ஜிஎஃப்ஆர்-மூன்றில்
ஒரே ஓர் எழுத்துப் பிசகு.
அந்தப் பிசகை மட்டும் தேடிப் போகும்
மாத்திரை ஒன்று இருக்கிறது.
கூட்டத்தில் விலையைச் சொன்னதும்
யாரோ எழுந்து ஏசியைக் குறைத்தார்கள்.

அன்றிரவு 1147ஐ மறுபடி எடுத்தேன்.
இடது கீழ்மூலையில்
ஏழெட்டுச் செல்கள்
அடுத்த சாயத்தையும் வாங்கியிருந்தன.
முதல் தடவை பார்க்கவில்லையா,
பார்த்தும் தள்ளினேனா?
மென்பொருள் ஒரு பெயர்தான் ஏற்கும்.
குறிப்பு என்ற இடத்தில்
மூன்று வரி எழுதினேன்.
யாரும் குறிப்பைப் படிப்பதில்லை.

விடிகாலை ஐந்துக்குப் போன் செய்தார்.
பின்னால் ஒரே இரைச்சல்.
"ஜாதி தெரிஞ்சிதாம்மா?"
"தெரிஞ்சிது."
"நல்ல ஜாதியா?"
"மருந்து இருக்கிற வகை," என்றேன்.

கொஞ்ச நேரம் கடல் மட்டும் பேசியது.
பிறகு, "எம்மாம்?"

என்னைக் கேட்டாரா,
எதிரில் கூடையோடு நிற்பவளைக் கேட்டாரா,
தெரியவில்லை.
யாரோ ஒரு தொகை சொன்னார்கள்.
அதற்கு மேல் இன்னொருவர்.
அதற்கும் மேல்.