செங்கமாரி இல்லை

தோப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்
கிண்ணியாப் பாலம் தாண்டியும்
முக்காட்டுத் தலைப்புக்குள்ளேயே கையை வைத்திருந்தாளாம்.
இரத்தம் எடுக்கும் கதிரையில் இருந்துதான்
மெதுவாக விரித்தாள்.
இரண்டு உள்ளங்கையும்
சீவி வைத்த வட்டக்காய்த் துண்டு.

துண்டுச் சீட்டில் இருந்தது:
மர்சூக்கா, வயது முப்பத்தொன்று,
செங்கமாரியா எனப் பார்க்கவும்.
"பாயிஸுக்கும் இப்பிடித்தான் தொடங்கின, மிஸ்."
பாயிஸ் யாரென்று நான் கேட்கவில்லை.
என் வேலை
ஊசி, பஞ்சு, சிவப்பு மூடிக் குழாய்.

சுழலி பத்து நிமிடம் இரைந்தது.
ஜன்னலுக்கு வெளியே ஒரு மான்
யாரோ எறிந்த முருங்கைக் காம்பை
அவசரமில்லாமல் மென்றது.
இந்த ஊரில் மானுக்குக் காடு தேவையில்லை.

குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
மேலே தெளிந்த சீரம்
டச்சுக்குடாவில் சூரியன் கிளம்பி
இரண்டாம் நிமிடத்து நிறம்.
அதற்குள் மெல்லியதாய் ஒரு பால் மங்கல்.
பித்தக் கணக்கோ சரியாக இருந்தது.
அவள் கண்வெள்ளை
திங்கட்கிழமைப் பள்ளிச் சட்டை.

"என்ன சாப்பிடுறீங்க?"

கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தாள்.
"மூன்று ஏக்கர் வட்டக்காய், மிஸ்.
லொறிக்காரன் கேட்ட விலை
ஏத்துக்கூலிக்கும் காணா.
விக்கல்ல. திண்டோம்.
பகலைக்குப் பாலாணம்,
இராவைக்குச் சுண்டல்,
நோன்புக் கஞ்சிக்குள்ளயும் அதான்."

வெறுமனே கடித்திருந்தால்
அந்த நிறத்தில் பாதிக்கு மேல்
வந்த வழியே போயிருக்கும்.
தண்ணீரோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை,
உடம்போ தண்ணீர்.
அடுப்பு முதலில் சுவரை இளக்க வேண்டும்.
தேங்காய்ப்பால் வந்து தோளில் தூக்க வேண்டும்.
பிறகு, ஒருவரும் நன்றி சொல்லாத அந்தக் கசப்புப் பித்தம்
கொழுப்பைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கி
குடலின் மறுகரைக்கு ஏற்றிவிட வேண்டும்,
பாலம் வரமுன்னம் கிண்ணியாத் துறையில்
பாதையில் ஏறினது மாதிரி:
ஒரு தரத்துக்கு இவ்வளவு பேர்தான்.
மிச்சம் கரையில் நிற்கும்.

ஏறியது நேரே ஈரலுக்குப் போவதில்லை.
பின்வளவு வாய்க்காலால்
நெஞ்சுக்குள் ஏறி ஏறி
இடது கழுத்தடியில்தான் இரத்தத்தில் விழும்.
உடம்பு தனக்கு வேண்டியதைக்
கண்ணுக்கு வெளிச்சமாய் மாற்றிக்கொள்ளும்.
வேண்டாததை வீசாது.
தடித்த தோலாய்ப் பார்த்து
உள்ளங்கையில், குதிக்காலில்
சாக்குச் சாக்காய் அடுக்கிவைக்கும்.

"செங்கமாரி இல்லை," என்றேன்.
"வட்டக்காய்தான்."

அவள் சிரிக்கவில்லை.
வலக்கையை இடக்கையால் தடவி,
விலை பேசுகிறவள் போல் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"அப்ப இது மட்டும்தான் எடுத்திரிக்கி," என்றாள்.

"நிப்பாட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் போயிடும்."

"கட்டிலுக்குக் கீழ இன்னும் அறுபது கிடக்கு, மிஸ்."

முடிவைப் பதிந்து ஒப்பம் வைத்தேன்.
பன்னிரண்டரைக்குப் பார்சலை அவிழ்த்தேன்:
வல்லாரைச் சம்பல், பருப்பு, கீரி மீன்.
எனக்கு இரத்தம் ஒன்பது தசம் எட்டு,
என் கையாலேயே பார்த்தது.
தேசிக்காயைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தேன்,
இலையின் இரும்புக்கு அந்தப் புளி கதவு திறக்கும்.
பிளேன்ரீ வந்தால் அதே கதவு சாத்தும்.
இதைக் கிளினிக்கில் நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

பிளாஸ்கைத் திறந்தேன். மூடினேன்.
ஒரு மணித்தியாலம் பொறுப்பம் என்று
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு
பதினைந்தாவது நிமிடம்
குடித்தேன்.