ஒரு நொடியின் நீளம்

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே கோப்பிக்கடை.
கேமராவை பிஸ்கட் டின்னில் போட்டுக்
கொண்டுவந்திருந்தாள் மங்களேஸ்வரி.
எண்ணெய் ஆலையில் எடைமேடை வேலை.
"முந்நூறு வெள்ளி" என்றாள், உட்காருவதற்குள்.

முதலில் முகர்ந்து பார்த்தேன்.
"என்ன, கருவாடா?"
பூஞ்சைக்கு வாசனை உண்டென்று சொல்லவில்லை.
லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தேன்:
ஓரத்தில் மயிரிழை வேர்கள்.
செம்பனைக் காட்டு ஈரம்
கண்ணாடியையும் மண்ணென்றே நினைத்துவிட்டது.

அடிமூடியைக் காசால் திருகினேன்.
பேட்டரி கசிந்து பச்சையாய்ப் பூத்திருந்தது.
"ஐம்பது குறையும்."
"ம்."

ஷட்டர்தான் முக்கியம்.
ஆயிரத்தில் ஒன்று, கெட்டிலைப் பார்த்து. சரி.
அறுபதில் ஒன்று, காலி நாற்காலி. சரி.
ஒரு நொடிக்கு வைத்து அவளைப் பார்த்து அழுத்தினேன்.
கண்ணில் இருட்டு.
குலை ஏற்றிய லாரி ஒன்று
கடையைக் கடந்துபோய் முடிக்கும் சத்தம்.
அப்புறம்தான் வெளிச்சம் வந்தது.
அவள் வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

"கோளாறா?"
"உள்ளே எண்ணெய் இறுகிப்போச்சு. இன்னும் ஐம்பது."
"எங்க ஊர்ல எண்ணெய்க்கா பஞ்சம்?" என்றாள்.
பிறகு, கணக்குச் சொல்வதுபோல:
"நானும் இப்படித்தான். காய்க்குலைக்கு வெட்டு,
நீளக் காம்புக்கு வெட்டு.
லாரிக்காரன் கெஞ்சுவான். பார்க்க மாட்டேன்."

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை
அப்போதுதான் செய்தேன்.
சுருட்டும் குமிழை மெல்லத் திருப்பினேன்.
இறுக்கம்.
உள்ளே படச்சுருள்.
எண்காட்டியில் இருபத்தைந்து.
அதில் கடைசி மூன்று என்னுடையவை.

"யார் எடுத்தது?"
சர்க்கரை போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.
"திறந்து பார்த்துத்தானே வாங்குவீங்க? திறங்க."
"வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்."
"தெரியும்."

நான் திறக்கவில்லை.
குமிழைச் சுற்றினேன், சுற்றினேன்,
கை இலேசாகும்வரை.
பிறகு திறந்தால், பின்மூடியின் பஞ்சு
தார் மாதிரி விரலில் ஒட்டியது.
அதற்கு முப்பது குறைக்கலாம்.
மறந்துபோனேன்.

சுருளை மேசைமேல் வைத்தேன்,
அவளுக்கும் எனக்கும் நடுவில்.
இருநூறை எண்ணி நீட்டினேன்.
அவள் இரண்டு தடவை எண்ணினாள்,
நோட்டை வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள்.

விரலைத் துடைக்கக் காகிதம் தேடிக் குனிந்து நிமிர்ந்தேன்.
மேசைமேல் தேநீர் வளையம் மட்டும்.
காலி டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவள் சாலையைக் கடக்கையில்
உள்ளே ஏதோ உருண்டது.