முதல் பிணம்

க்டினியா துறைமுகத்தில், நவம்பரில்,
மீன்பெட்டிகளுக்கு நடுவே கிடந்தேன்.
ஒரு நாளைக்கு நானூறு ஸ்வோட்டி.
மூச்சடக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

முதல் சீசன் முழுக்க என் பேச்சுதான்.
ஹல்ஷ்கா எங்கே போனாள், யாரோடு போனாள்,
இடது செருப்பு எங்கே.
இன்ஸ்பெக்டர் ராதோஷ் என் படத்தைப்
பலகையின் நட்ட நடுவில் குத்தி
"அவனை விடமாட்டேன்" என்றார்.
அம்மா சோபாவில் அழுதாள்,
பக்கத்தில் நான் சூப் குடித்துக்கொண்டிருந்தும்.

இரண்டாம் சீசனில் பலகை பெரிதானது,
நான் ஓரத்துக்கு நகர்ந்தேன்.
மூன்றில் ராதோஷுக்கு விவாகரத்து,
அதற்கே ஆறு வாரம்.
நான்கில் வந்தான் லெஷெக்.
ஐந்து பேரைக் கொன்றவன்
பூனைக்கு மருந்து புகட்டிய காட்சியில்
நாடே உருகிவிட்டது.
அடுத்த வருடம் அவனுக்கு ஒரு சமையலறை கொடுத்தார்கள்,
ஒரு குழந்தைப்பருவம் கொடுத்தார்கள்.
அப்புறம் அவனும் ராதோஷும் ஒரே படகில்,
ஒரே பாட்டிலில்,
பனியைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசினார்கள்.
எனக்கே பிடித்திருந்தது.

அவர்களுக்குப் பின்னால், மங்கலான பலகையில்,
ஒற்றை ஊசி தாங்க
சாய்ந்து தொங்கினேன்.
ஒவ்வொரு எபிசோடிலும் தேடுவேன்:
இருக்கிறேனா?
இருக்கிறேன்.

இதற்குள் பல் மருத்துவமனையில் வேலை,
ஒரு மகன், மூன்று வாடகை வீடுகள், முழங்கால் வலி.
"எங்கேயோ பார்த்த முகம்" என்பார்கள்,
வாயைத் திறந்தபடியே.
இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்வேன்.

ஒன்பதாம் சீசனுக்கு எழுத வந்தவள், ஸிட்டா,
பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டுக்
கூட்டத்தில் கேட்டாளாம்:
"சரி, அந்தப் பெண்ணைக் கொன்றது யார்?"
ஒருவருக்கும் தெரியவில்லை.
எழுதவே மறந்திருந்தார்கள்.

கூப்பிட்டார்கள், போனேன்.
பதினோரு வருடத்தைக் களிம்பு பூசி மூடினார்கள்;
கண்ணுக்குக் கீழே மட்டும் அடங்கவில்லை.
ராதோஷாக நடிப்பவர் தலைக்குச் சாயம் அடித்திருந்தார்.
என் கையைப் பிடித்துக் கனிவாகக் கேட்டார்,
"நாம் சேர்ந்து நடித்திருக்கிறோமா?"

யார் கொன்றது என்று ஸிட்டாவிடம் கேட்டேன்.
"இன்னும் முடிவாகவில்லை" என்றாள்,
நகத்தைக் கடித்தபடி.

அதே பெட்டிகள். இந்த முறை மீன் பிளாஸ்டிக்.
விளக்கு விழுந்தது, கேமரா நெருங்கியது.
பதினெட்டு நொடி தாங்கினேன்.
பிறகு இருமிவிட்டேன்.

"கட்! பிணம் இருமக் கூடாது."

மன்னிப்புக் கேட்க எழுந்து உட்கார்ந்தேன்.
யாரோ ஒரு பையன், விளக்குப் பிடிப்பவன்,
பயந்து இரண்டடி பின்னால் போனான்.