நாலாவது சுவர்

ஆடி முழுக்க நாலு மாதிரித் துண்டுகளைப்
பட்டறைக்கு வெளியே சாய்த்து வைத்திருந்தேன்,
பணகுடிக் காற்றுக்கு எது நிற்குமென்று பார்க்க.

ஜிப்சம் சாரலில் பொருமிப்போனது.
பிளைவுட்டைக் கரையான் படித்து முடித்தது.
தகரம்
ராத்திரியெல்லாம் ஏதோ சொல்ல வந்து
சொல்லாமலே கிடந்தது.
சிமெண்ட் போர்டு மட்டும்
மூணு டிரில் பிட்டைத் தின்றுவிட்டுச்
சும்மா நின்றது.

"இதாம்வே சரி" என்றார் கடைக்கார ஞானதிரவியம்.
"நாலு சுவருக்குப் பதினாறு பலகை,
உள்ளே பஞ்சு வச்சு அடைச்சிரும்."

நாலாவது சுவருக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின்.
ஆஸ்பத்திரியில் இரவுப்பணி,
ஒன்பதரைக்குத்தான் படுப்பாள்.
ரம்பம் மறந்து ஓடினால்
சாவிக்கொத்தால் இரண்டு தட்டு.

அடைத்தால்
அவளுக்கு ரம்பம் கேட்காது.
எனக்கு அந்தத் தட்டும்.

நியாயமில்லைதான்.
பன்னிரண்டுக்கே பில் போடச் சொன்னேன்.